மார்பைக் கட்டலாம்... மூச்சைக் கட்டலாமா?

"பொண்ணுக்கு மூச்சு வாங்குதுங்கய்யா. இளைப்பா இருக்குமோன்னு பயமா இருக்கு. ஆடாதோடை ஏதாச்சும் போட்டு மருந்து குடுங்க" என்றுதான் அந்த அம்மா பிள்ளையை அழைத்து வந்தார். பத்தொன்பது வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. சித்திரை வெயிலில் ஒரத்தநாடு கடைத்தெருவே சுருண்டு கிடக்கிற நேரம். பிள்ளை போட்டிருந்ததோ முழுக்கைச் சட்டை, அதற்குள் தடித்த பனியன்.

நாடி பார்த்தாயிற்று. நெஞ்சில் இளைப்புக்குரிய சத்தம் எதுவும் இல்லை. ஆனால் மூச்சு மட்டும் கழுத்துக்குக் கீழே இறங்கிய உடனே திரும்பிப் போகிறது. "நல்லா இழுத்து விடுப்பா" என்றால் பாதியிலேயே முகம் சுளிக்கிறது. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, பெண் உதவியாளரை அருகில் வைத்துக்கொண்டு பேசிய பிறகுதான் விஷயம் வந்தது. மார்பைச் சுற்றி நாலு அங்குல கிரேப் பேண்டேஜ், இரண்டு ரோல்! காலையில் கல்லூரி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சுற்றினால் ராத்திரிதான் அவிழ்ப்பதாம். பரீட்சை நேரத்தில் அவிழ்ப்பதே இல்லையாம். இடது பக்கம் ஆறாவது ஏழாவது விலாவில் விரல் வைத்தால் துள்ளுகிறது. ஆடாதோடை எத்தனை குடம் குடித்தாலும் இது தீராது.

இந்தச் சங்கதியைப் பத்திரிகையில் எழுதலாமா என்று தயங்கும் வாசகர்கள் இருப்பார்கள். எழுதத்தான் வேண்டும். இந்தப் பிள்ளைகள் வீட்டில் சொல்வதில்லை, டாக்டரிடம் சொல்வதில்லை. மெடிக்கல் ஷாப்பில் "கால் சுளுக்கு" என்று சொல்லி பேண்டேஜ் வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு சுற்றிக்கொள்கிறார்கள். விலா வலித்தால் தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்துக்கொள்கிறார்கள்.

எதற்காகக் கட்டுகிறார்கள்?

பெண்ணாகப் பிறந்ததாக ஊர் எழுதி வைத்த ஒரு பிள்ளை, உள்ளுக்குள் தன்னை ஆணாகவே உணர்வதுண்டு. திருநங்கையரைப் பற்றி நம் வீடுகளில் இன்று ஓரளவு தெரியும். அதன் மறுபக்கம் இது. திருநம்பி என்று சொல்கிறோம். கண்ணாடியில் தன் மார்பைப் பார்க்கும்போதெல்லாம், 'இது என் உடம்பில்லை' என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. அந்த வேதனையைக் குறைக்கத்தான் மார்பைத் தட்டையாக்கும் இறுக்க உடை. அதைத்தான் செஸ்ட் பைண்டர் என்கிறார்கள். கச்சு என்ற சொல் நம் மொழியில் பழையதுதான். கட்டும் நோக்கம்தான் வேறு.

இது பைத்தியமும் இல்லை, பேயும் இல்லை, சினிமா பார்த்துக் கெட்டுப்போனதும் இல்லை. தமிழ்நாடு அரசு 2008-லேயே திருநங்கையருக்கென நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15-ம் தேதி சுப்ரீம் கோர்ட் 'நால்சா' வழக்கில் தந்த தீர்ப்பு, ஒருவர் தன் பாலினத்தைத் தானே உணர்ந்து சொல்லும் உரிமையை ஒப்புக்கொண்டது. 2021 ஜூன் மாதம் சென்னை ஐகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படிப்பட்டவர்களை 'மருந்து கொடுத்து மாற்றுகிறேன்' என்று கிளம்பும் வைத்தியத்தைத் தடுக்கச் சொல்லி உத்தரவிட்டார். அதைத் தொடர்ந்து 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், அப்படிச் செய்வது தொழில் ஒழுக்கக் கேடு என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. எங்கள் வைத்தியத்துக்குக் கவுன்சில் வேறு. ஆனால் நியாயம் ஒன்றுதானே!

அந்த அம்மாவும் கேட்டார். "நம்ம சித்த வைத்தியத்துல இதுக்கு இல்லாத மருந்தாய்யா?" இல்லை. மனதை மாற்றும் லேகியமும் இல்லை, மார்பைக் கரைக்கும் தைலமும் இல்லை. இருக்கிறது என்று விளம்பரம் செய்கிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். மார்பு என்பது பால் சுரப்பியும் கொழுப்பும் சேர்ந்த திசு. பூச்சுக்கு அது கரையாது, இறுக்கக் கட்டினாலும் வளராமல் நிற்காது. சில பிள்ளைகள் 'சின்ன வயசிலேயே இறுக்கிக் கட்டினால் வளராது' என்று நம்பிப் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் தொடங்குகிறார்கள். அந்த வயதில் விலா எலும்பும் சேர்ந்து வளர்கிறது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

விலா என்ன இரும்பா?

நமக்குப் பக்கத்துக்குப் பன்னிரண்டு விலா எலும்புகள். பின்னால் முதுகெலும்பில் பொருந்தி, முன்னால் குருத்தெலும்பு வழியாக நெஞ்செலும்பைத் தொடுகின்றன. கடைசி இரண்டு மட்டும் முன்பக்கம் எதையும் தொடாமல் நிற்கும். மூச்சை இழுக்கும்போது இந்தக் கூடு வாளியின் கைப்பிடியைத் தூக்குவதுபோல் பக்கவாட்டில் தூக்கிக்கொடுக்கிறது. உதரவிதானம் கீழே இறங்குகிறது. நாளொன்றுக்கு 21,600 மூச்சு என்று சித்தர்கள் கணக்கு வைத்தார்கள். நிமிடத்துக்கு 15. இன்றைய மருத்துவம் பெரியவர்களுக்குச் சொல்லும் 12 முதல் 20 என்ற கணக்குக்குள் அது அழகாக உட்காருகிறது. அடக்கக் கூடாத 14 வேகங்கள் என்று எங்கள் நூல்கள் ஒரு பட்டியல் தருகின்றன. அதில் சுவாசமும் உண்டு, இருமலும் உண்டு.

கிரேப் பேண்டேஜ் கால் சுளுக்குக்காகச் செய்தது. வீக்கத்தை அமுக்குவதுதான் அதன் வேலை. அதை மார்பில் சுற்றினால், மூச்சை விடும்போது கூடு சுருங்குகிறது, பேண்டேஜும் கூடவே சுருங்கிப் பிடித்துக்கொள்கிறது. அடுத்த மூச்சை அதை எதிர்த்துத்தான் இழுக்க வேண்டும். போதாக்குறைக்கு நடக்க நடக்கச் சுருண்டு கயிறாகி, ஒரே இடத்தில் வெட்டும். குருத்தெலும்பு சேரும் இடத்தில் அழற்சி, தசைப் பிடிப்பு, சிலருக்கு விலாவில் விரிசலே வரும். பழைய புடவையைக் கிழித்துச் சுற்றுவது, பார்சல் ஒட்டும் டேப்பைச் சுற்றுவது, பிரசவமான பெண்கள் போடும் வயிற்று பெல்ட்டை மேலே ஏற்றிக்கொள்வது... எல்லாம் இதே ரகம். டேப்பை உரிக்கும்போது தோலும் சேர்ந்து வந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன்.

விலா முறிந்தவர்களுக்கே முன்பு நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்கள். அதனால் ஆழ்ந்து மூச்சு விட முடியாமல், சளி தேங்கி நிமோனியா வருகிறது என்று கண்டு அந்த வழக்கத்தை இன்று கைவிட்டுவிட்டார்கள். நோயாளிக்கே ஆகாது என்று விட்டதை, நல்ல உடம்புக்குக் கட்டிக்கொள்வானேன்?

பால் வற்றுவதற்காக மார்பைக் கட்டும் பழக்கமும் நம் பக்கத்தில் உண்டு. மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவார்கள். பூவுக்கு உண்மையிலேயே பால் சுரப்பைக் குறைக்கும் குணம் உண்டு. 1988-ல் வந்த ஒரு ஆய்வு அதை மாத்திரையோடு ஒப்பிட்டே பார்த்தது. ஆனால் அங்கே வேலை செய்தது பூ. இறுக்கிக் கட்டிய துணியால் வலியும் பால்கட்டும்தான் மிச்சம். அது தனிக் கதை, இன்னொரு சமயம் எழுதுகிறேன்.

பைண்டரே போட்டாலும் பூரண பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2017-ல் அச்சான ஒரு பெரிய ஆய்வில் மார்பைக் கட்டும் 1,800 பேரைக் கேட்டார்கள். நூற்றுக்கு 97 பேருக்கு ஏதாவது ஒரு தொந்தரவாவது இருந்தது. பாதிப் பேருக்கு மேல் முதுகுவலி, உடம்புச் சூடு. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நெஞ்சுவலி, மூச்சு முட்டல். கடையில் வாங்கிய பைண்டரும் இதற்கு விலக்கல்ல. வாரத்தில் எத்தனை நாள் கட்டுகிறார்கள் என்பதோடுதான் தொந்தரவுகள் அதிகம் சேர்ந்து வந்தன. அதே ஆய்வில் இன்னொன்றும் வந்தது: கட்டிக்கொண்ட பிறகு மனக் கலக்கமும், செத்துவிடலாம் என்ற எண்ணமும் குறைந்தது என்று அவர்கள் சொன்னார்கள். வீட்டில் இருப்பவர்கள் இந்த இரண்டாவது சேதியையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். 'கழற்றி எறி' என்று பிடுங்கிக் கொளுத்தினால் பிள்ளை பேண்டேஜுக்குத்தான் திரும்பிப் போகும். அல்லது அதைவிட மோசமான முடிவுக்குப் போகும்.

அளவு எடுப்பது எப்படி?

தையற்காரர் வைத்திருக்கும் அங்குல டேப் போதும். மெல்லிய பனியனோடு, கண்ணாடி முன் நேராக நின்று, சாதாரணமாக மூச்சு விட்டபடி எடுக்க வேண்டும். மூச்சை அடக்கி எடுத்த அளவு பொய்யளவு! மார்பு மிக எடுப்பாக இருக்கும் இடத்தில் ஒரு சுற்றளவு. மார்புக்கு நேர் கீழே ஒரு சுற்றளவு. ஒரு தோள் முனையிலிருந்து மறு தோள் முனை வரை ஒரு அளவு. டேப் முதுகில் சரிந்துவிடாமல் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். அதனால் நம்பிக்கையான ஒருவர் பின்னால் நின்று பிடிப்பது நல்லது. மாதவிலக்குக்கு முன் சிலருக்கு மார்பு கனத்து வீங்கும். அந்த நாட்களில் எடுத்த அளவையும் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

இந்த மூன்று அளவையும் விற்பவரின் அளவு அட்டையோடு ஒப்பிட வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அட்டை வேறுபடும். சட்டை சைஸ் 'மீடியம்' என்பதால் இதுவும் மீடியம் என்று வாங்கக் கூடாது. இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் தவறுவது இங்கேதான். 'ஒரு சைஸ் சின்னதா வாங்கினா இன்னும் தட்டையா இருக்கும்' என்கிறார்கள். இருக்காது. திசு போக இடமில்லாமல் அக்குள் பக்கமும் கழுத்துப் பக்கமும் பிதுங்கும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போடுவதும் இதே தப்பு.

நல்ல பைண்டரில் முன்பக்கத் துணி இழுபடாது, பின்பக்கம் இழுபடும். அழுத்தம் ஒரே கோட்டில் விழாமல் பரவலாக விழும். இடுப்பு வரை நீளமானது, மார்போடு முடிவது என்று இரண்டு வகை உண்டு. நம் தஞ்சாவூர் ஜில்லா வெயிலுக்கு மார்போடு முடிவதே மேல் என்பது என் கட்சி. வயிறு சுதந்திரமாக இருந்தால் மூச்சு வயிற்று வழியாகவாவது இறங்கும். நீளமானது உட்கார்ந்தவுடன் அடியில் சுருண்டுகொண்டு வெட்டும். தலைவழியாகப் போடுவதைவிட முன்பக்கமோ பக்கவாட்டிலோ கொக்கி, ஜிப் வைத்தது நமக்குச் சௌகரியம். வியர்த்த உடம்பில் ஒட்டிக்கொண்டு, பாதி ஏறிப் பாதி ஏறாமல் கை இரண்டும் மேலே மாட்டிக்கொண்டு தவிப்பதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மூச்சு முட்டுகிற நேரத்தில் அது சிரிப்பாக இருக்காது. அவசரத்தில் சட்டென்று கழற்ற வர வேண்டும்.

போட்டபின் பரீட்சை வையுங்கள். அடிவயிறு வரை ஒரு நீண்ட மூச்சு இழுக்க முடிகிறதா? பலமாக இரும முடிகிறதா? இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க முடிகிறதா? சம்மணம் போட்டு உட்கார்ந்து, குனிந்து இலையில் ஒரு கவளம் எடுக்க முடிகிறதா? மாடிப்படி ஏறி இறங்கியபின் நிற்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? கையிடுக்கிலும் அடி ஓரத்திலும் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கழற்றியபின் இலேசான தடம் இருக்கலாம். சற்று நேரத்தில் மறைந்துவிட வேண்டும். மறுநாளும் தடம் கிடந்தால் அது உங்கள் அளவு இல்லை.

எத்தனை மணி நேரம்?

முதல் நாள் ஒரு மணி, இரண்டு மணி போதும். பழகப் பழகக் கூட்டலாம். உச்ச வரம்பு எட்டு மணி நேரம். தூங்கும்போது கூடவே கூடாது. வாரத்தில் ஒரு நாளாவது உடம்புக்கு விடுமுறை.

எட்டு மணி என்று எழுதுவது சுலபம். ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சாவூர்க் கல்லூரிக்குப் போகிற பிள்ளை காலை ஏழரைக்குப் பஸ் ஏறி, மாலை ஆறுக்குத் திரும்பினால் பத்தரை மணி நேரம் ஆகிவிடுகிறதே! அதற்கு வழி என்ன? மதியம் ஓய்வறையில் கழற்றி, அரை மணி நேரம் சும்மா விட்டு, ஆழமாக நாலு மூச்சு இழுத்து, இருமி நெஞ்சைச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்பப் போடலாம். அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், பைண்டருக்குப் பதிலாக இறுக்கம் குறைந்த ஸ்போர்ட்ஸ் பிரா. அதன்மேல் அடர் நிறச் சட்டை, திறந்த பொத்தானோடு ஒரு மேல்சட்டை. கட்டம் போட்ட துணியும் முன்பக்கப் பையும் மார்பை நன்றாக மறைக்கும். வீட்டுக்கு வந்ததும் கழற்றிப்போட்டுத் தொளதொள சட்டையில் இருக்க முடிய வேண்டும். இது வீட்டில் இருக்கிறவர்களின் கையில் இருக்கிறது. 'யாராவது வந்துடுவாங்க, எதுக்கும் போட்டுக்க' என்றோ, 'வீட்டிலாவது பொண்ணா இரு' என்றோ சொல்லாமல் இருந்தாலே போதும். பிள்ளை தானாகக் கழற்றும்.

ஓட்டம், உடற்பயிற்சி, கபடி எதற்கும் பைண்டர் ஆகாது. வயல் வேலையும் அப்படித்தான். நாற்றுப் பறிக்கவும் நடவுக்கும் குனிந்த குனிப்பில் நிற்கும்போது கூடு ஏற்கெனவே மடங்கியிருக்கிறது. அதன்மேல் கட்டும் சேர்ந்தால் முதுகு போய்விடும். இளைப்பு நோய் உள்ளவர்கள், முதுகெலும்பு வளைந்தவர்கள், சளி இருமல் காய்ச்சலில் இருப்பவர்கள் போடவே வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் எட்டு மணி என்பதை நான் ஒப்ப மாட்டேன். பாதியோடு நிறுத்த வேண்டும், அதுவும் டாக்டருக்குத் தெரிந்து.

மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, கை மரத்துப்போதல், விரலில் எறும்பு ஊர்வது போல் இருத்தல், விலாவில் ஓரிடத்தில் மட்டும் குத்தல்... இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த நிமிடமே கழற்ற வேண்டும். கழற்றியும் மூச்சோ நெஞ்சுவலியோ அடங்கவில்லை என்றால் கஷாயம் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள். என்னிடம் வந்த பிள்ளையையும் முதலில் எக்ஸ்ரேவுக்குத்தான் அனுப்பினேன். முறிவு இல்லை, குருத்தெலும்பு அழற்சி. மூன்று வாரம் கட்டே கூடாது என்றேன். வெறும் தசைப்பிடிப்பு என்றால் நொச்சி இலை ஒற்றடமும், உளுந்து தைலம் இலேசாகத் தடவுவதும் சுகம் தரும். விலாவில் சந்தேகம் இருக்கும்போது யாரையும் அமுக்கித் தேய்க்க விடாதீர்கள். தைலம் தடவிய உடம்பின்மேல் பைண்டரும் ஏற்றாதீர்கள். சூடு அடைத்துக்கொண்டு கொப்புளமே வந்துவிடும்.

வெயில் காலத்தில் தோல்தான் முதலில் முறையிடும். உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போட்டு அதன்மேல் பைண்டர் போட்டால் பாதித் தொல்லை குறையும். மார்பின் அடி மடிப்பில் ஈரம் தங்கினால் படர்தாமரை நிச்சயம். தொடக்கத்திலேயே சீமையகத்தி இலையை அரைத்துப் போட்டுப் பார்க்கலாம். பரவிவிட்டால் டாக்டரைப் பாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு, இரண்டு நாள் அரிப்பை நிறுத்திவிட்டு அப்புறம் முதுகு முழுக்கப் பரப்பிவிடும். கட்டுகிறோம் என்பதற்காக மார்பைத் தொடாமலே, பார்க்காமலே இருந்துவிடவும் கூடாது. மாதம் ஒருமுறை கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். கூச்சமாக இருந்தாலும்தான்.

ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பன்னிரண்டு முதல் பதினாறு வயதுக்குள் பையன்களுக்கும் மார்பு கொஞ்சம் புடைப்பது சகஜம். பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று இரண்டு மூன்று இறுக்கமான பனியன்களை மாட்டிக்கொண்டு போவார்கள். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் தானே வடிந்துவிடும். வடியாவிட்டாலோ, ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக இருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

திருநம்பிகளில் சிலர் பின்னாளில் மார்பு அறுவைச் சிகிச்சை செய்துகொள்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையிலேயே இதற்கு வழி இருக்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் விசாரிக்கலாம். அதற்கு மனநல மருத்துவர், ஹார்மோன் மருத்துவர் என்று பலர் சேர்ந்து நிதானமாக முடிவு செய்வார்கள். எல்லோரும் அதற்குப் போவதில்லை. போகிறவர்களும் அதுவரை வருடக்கணக்கில் கட்டித்தான் தீர வேண்டியிருக்கிறது. தப்பும் தவறுமாகக் கட்டித் தோலைத் தொய்ய விட்டால் சர்ஜனுக்கும் சிரமம்.

அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது பிள்ளை. இரண்டாம் முறை வந்தபோது தானே சொல்லியிருந்தது. அம்மா அழுதிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் என்னிடம் கேட்டது, "அந்த பைண்டருங்கறத எப்படிங்கய்யா தொவைக்கிறது?" என்றுதான்.

கையால்தான் துவைக்க வேண்டும். இலேசான சோப்பு, குளிர்ந்த தண்ணீர். அடித்துத் துவைக்கக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது, வெந்நீர் ஆகாது. நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் எலாஸ்டிக் செத்துவிடும். வெயில் நாளில் தினமும் அலச வேண்டும் என்பதால் இரண்டு வைத்துக்கொள்வது அவசியம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இரண்டும் காயாமல் கிடந்தால், ஈரத்தோடு போடாமல் அன்றைக்கு ஸ்போர்ட்ஸ் பிராவோடு சமாளிக்கட்டும். துணி தளர்ந்துபோனால் ஊக்கு குத்தி இறுக்காமல் புதிது வாங்குங்கள். உடம்பு இளைத்தாலும் பெருத்தாலும் திரும்ப டேப்பை எடுத்து அளந்துவிட்டு வாங்குங்கள்.